கடைசி வீட்டின் பதில்

ஆம், பெட்டியில் இருக்கும் அந்தச் சீட்டு விமான நிலையத்தில் ஒட்டியதுதான். ஜப்பானிலிருந்து வருகிறேன். தாம்பரத்தில் இரயில் ஏறி, பெட்டியை மேலே தூக்கி வைத்தபோதே நீங்கள் அதைப் படித்துவிட்டீர்கள். கேட்பதற்குச் செங்கல்பட்டு தாண்டும் வரை பொறுத்திருந்தீர்கள். நல்ல பழக்கம். தோக்கியோவா என்று மட்டும் கேட்காதீர்கள். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார், சோதனை அதிகாரி கேட்டார், கார் ஓட்டுநரும் கேட்டார். நான் இருந்த ஊரின் பெயர் கசமோரி. நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஜப்பானியர்களிலேயே பலர் கேள்விப்பட்டதில்லை.

ஜப்பானை வரையச் சொன்னால் என் மாணவிகள் ஒரு வாழைப்பழத்தை வரைவார்கள். அந்தப் பழத்தின் உட்பக்கம், அதாவது ஆசியக் கண்டத்தைப் பார்த்திருக்கும் பக்கம், வடக்கு நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் கடல், பின்னால் மலை, இடையில் ஓர் ஆறு. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து காற்று புறப்படுகிறது. கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. மலை வழிமறித்ததும் அத்தனையையும் அந்த ஊரின் தலையில் கொட்டிவிட்டு, மலைக்கு அந்தப்புறம் வெறுங்கையோடு போகிறது. நமக்கு ஐப்பசியில் மழை கொண்டுவரும் காற்றும் அதே குடும்பம்தான். முப்பத்தோரு ஆண்டுகள் இதைக் கரும்பலகையில் வரைந்தேன். வரைந்தபோது நான்கு அம்புக்குறிகள். நேரில் பார்த்தபோது வாசற்கதவைத் திறக்க முடியவில்லை.

நான் புவியியல் ஆசிரியை. கடைசிப் பதினோரு ஆண்டுகள் தலைமையாசிரியை. மயிலாடுதுறைப் பக்கம் தையல்நாயகி டீச்சர் என்றால் இப்போதும் சிலர் எழுந்து நிற்பார்கள். எழுந்து நிற்பதை நான் கேட்டு வாங்கியதில்லை.

என் மகள் திலகவதி அந்த ஊரில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறாள். கருவிகளுக்கான உணரிகள் செய்யும் தொழிற்சாலையில் பொறியாளர். நாற்பத்தொரு வயது. மணமாகவில்லை, ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, நன்றி. சென்ற ஆண்டு அவளுக்கு இடுப்பில் வலி வந்தது. பனிக்காலத்தில் ஐந்து மணிக்கு எழுந்து வாசல் பனியை வாரிவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும். இதை அவளாகச் சொல்லவில்லை, தொலைபேசியில் அவள் உட்காரும்போது விடும் மூச்சிலிருந்து நான் தெரிந்துகொண்டேன். மூன்று மாத அனுமதி வாங்கிக்கொண்டு மார்கழியில் போனேன். உதவிக்குப் போனேன் என்று சொல்லவில்லை. நிலவமைப்பைப் பார்க்க வருகிறேன் என்று சொன்னேன்.

மூன்று மாதம் என்று போனவள் ஏழாவது வாரத்தில் திரும்பி வருகிறேன். நானேதான் கிளம்பி வந்தேன். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

கசமோரியை அவர்கள் நகரம் என்கிறார்கள். முப்பத்தோராயிரம் பேர். இருபது ஆண்டுகளுக்கு முன் மலையடிவாரக் கிராமங்கள் மூன்றை அதோடு சேர்த்து, நகரம் என்று பலகை வைத்தார்கள். அதற்கு முன் அது துறைமுகம். பாய்மரக் கப்பல்கள் வடக்கிலிருந்து உலர்ந்த மீனும் கடற்பாசியும் கொண்டுவந்து, நெல்லை ஏற்றிக்கொண்டு தெற்கே போயிருக்கின்றன. பிறகு இரயில் வந்தது. மலைக்கு அந்தப்புறமாக வந்தது. கப்பல்கள் நின்றன. அதற்கும் முன், நானூறு ஆண்டுகளுக்கு முன், அது கோட்டை ஊர். அந்தக் கோட்டையின் தலைவன் ஆற்றை மலைவாயிலிலேயே தடுத்து, ஒரு கால்வாய் வெட்டி, அகழிக்கும் ஊருக்கும் தண்ணீர் கொண்டுவந்தான். கோட்டை இப்போது இல்லை. கால்வாய் இருக்கிறது. இன்றைக்கும் வேலை செய்கிறது. நம் ஊரில் வாய்க்கால்களை மூடி அதன்மேல் கடை கட்டிவிடுகிறோம், அவர்கள் மூடவில்லை.

மூடவில்லை என்பது முழுவதும் சரியல்ல. மூடியிருக்கிறார்கள், ஆனால் இரும்பு மூடி போட்டு. ஒவ்வொரு வீட்டின் முன்பும் ஒரு மூடி. அதைத் திறந்து பனியை வாரி உள்ளே போட வேண்டும். கால்வாய்த் தண்ணீர் அதைக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் விடத் தண்ணீர் போதாது. ஆகவே முறை. எங்கள் தெருவுக்குக் காலை ஆறரையிலிருந்து ஏழு பத்து வரை. தெருவின் தலைப்பில் ஓர் இரும்புச் சக்கரம். அதைத் திருப்பினால் மடை திறக்கும். பதினான்கு வீடுகள், வாரத்துக்கு ஒரு வீடு பொறுப்பு. பொறுப்புள்ள வீட்டு வாசலில் ஒரு மரப்பலகை தொங்கும். வாரம் முடிந்ததும் அதைக் கழற்றி அடுத்த வீட்டில் மாட்டிவிடுவார்கள். சம்பளம் கிடையாது, நன்றி சொல்வதும் கிடையாது.

இதைத் திலகவதி விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் கடைமடைக்காரி. மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் வயலுக்கு வருவதற்குள் தலைமடைக்காரர்கள் நாற்று நட்டு முடித்திருப்பார்கள். என் தகப்பனார் வரப்பில் நின்றுகொண்டு, இரண்டு ஊர் தள்ளி இருக்கும் மதகுக்காரனை அவன் காதில் விழுவதுபோலத் திட்டுவார். முறைத் தண்ணீர் என்றால் என்னவென்று எனக்கு ஒருவர் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

விழுப்புரமா? இங்கே தேநீர் நன்றாக இருக்காது. வேண்டாம்.

குமகாய் அம்மையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பதை நெருங்கியவர், தனியாக இருப்பவர். எங்கள் தெருவின் கடைசி வீடு அவருடையது, பழைய துறைமுகத்தை ஒட்டிய பள்ளத்தில். கப்பல் வணிகர் ஒருவரின் கிடங்காக இருந்த வீடு. பிள்ளைகள் இல்லாமல் மூடிய ஒரு தொடக்கப் பள்ளியை ஊர் அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே வருபவர்களுக்கு ஊரின் வரலாற்றைச் சொல்வது அவர்தான். முதல் ஞாயிற்றுக்கிழமை திலகவதி என்னை அழைத்துப் போனாள். சுவரில் ஊரின் பழைய கால்வாய்கள் அனைத்தையும் காட்டும் வரைபடம், கையால் வரைந்தது. நல்ல கை. ஆனால் கோட்டைக்கு வடக்கே கால்வாய் மேட்டை நோக்கித் திரும்பியது. தண்ணீர் மேட்டில் ஏறாது என்று சொல்லச் சொன்னேன்.

"அம்மா, அவங்க நாப்பது வருஷமா இந்த ஊர வரையறாங்க."

"நான் முப்பத்தோரு ஆண்டுகளாக உலகத்தையே வரைந்திருக்கிறேன். சொல்."

சொன்னாள். எத்தனை மென்மையாக்கிச் சொன்னாளோ தெரியாது. அந்த அம்மையார் என்னைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். "ஒரு நாள் வந்து நடந்து பாருங்கன்னு சொல்றாங்க" என்றாள் திலகவதி. பதில் தெரியாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

தை பிறந்து இரண்டாம் வாரம் பலகை எங்கள் வாசலுக்கு வந்தது. அந்த வாரம் திலகவதிக்கு அதிகாலைப் பணி. ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும். பக்கத்து வீட்டு ஓபா, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பலகை எங்கள் வாசலில் தொங்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் சக்கரத்தைத் திருப்புவது என்ன முறை? மடைப் பொறுப்பின் விதிகளை அச்சிட்ட காகிதத்தை வாங்கி, ஒவ்வொரு வரியையும் திலகவதியை மொழிபெயர்க்கச் செய்து, தமிழில் எழுதிக்கொண்டேன். ஆறு முப்பதுக்குத் திறக்க வேண்டும். ஏழு பத்துக்கு அடைக்க வேண்டும். அடைத்ததும் அடுத்த தெருவுக்குத் தண்ணீர் போகும். அவ்வளவுதான் அதில் இருந்தது. இன்னும் அந்தத் தாள் என் கைப்பையில் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன்.

"அம்மா, ஓபா ஒரு தடவ உங்ககூட வரட்டும். பழக்கத்துக்கு."

"சக்கரம் திருப்ப எத்தனை பேர் வேண்டும்?"

அவள் இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டாள்.

இரண்டு நாட்கள் பனி குறைவு. ஆறு முப்பதுக்குத் திறந்தேன்; ஏழு பத்துக்கு அடைத்தேன். என் கடிகாரத்தில் நொடிமுள் பன்னிரண்டில் நிற்கும்போது சக்கரம் முழுதும் திரும்பியிருக்கும். நேரந்தவறாதவர்கள் என்று உலகமே சொல்லும் மனிதர்களுக்கு நேரம் என்றால் என்ன என்று காட்டினேன். ஓபா எதிர்ப்பக்கம் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். மரியாதை என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் இடுப்பளவு பனி. தெரு முழுவதும் வாரிக்கொண்டிருந்தார்கள். ஏழு பத்து. கீழே பள்ளத்தில் குமகாய் அம்மையார் தம் வாசலில் நின்று, பனி வாரும் அந்த நீளப் பிடி போட்ட தட்டை உயர்த்தி, என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் கையசைத்தேன். அடைத்தேன்.

நீங்கள் ஊகித்துவிட்டீர்கள். நான் ஊகிக்கவில்லை, ஊகிப்பதற்கு அந்தத் தாளில் எதுவும் இல்லை. மேலே பதின்மூன்று வீட்டுப் பனியும் கீழே இறங்க நேரம் பிடிக்கும். தண்ணீரை நிறுத்தினால் அத்தனையும் கடைசி வீட்டின் முன்னால் தங்கும். ஒரு நாள் குளிரில் பாறையாக இறுகும். மறுநாள் காலை நான் ஆறு முப்பதுக்குச் சரியாகத் திறந்தேன். தண்ணீர் அந்தப் பாறையில் முட்டி, இரும்பு மூடியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து, தெருவில் அந்த ஒரு வீட்டுக்குள் மட்டும் போயிற்று.

முன்னறையில் தரையோடு தரையாக அவருடைய வரைபடங்கள் விரித்துக் கிடந்தன. வசந்தத்தில் வைக்கப்போகும் கண்காட்சிக்காக இரண்டு குளிர்காலமாக வரைந்தவை. நான்கு பெரிய தாள்கள், மைக்கோல் வேலை.

யாரும் கத்தவில்லை. அதுதான் எனக்குக் களைப்பாக இருந்தது. நம் ஊரென்றால் நான்கு பேர் நான்கு விதமாகப் பேசியிருப்பார்கள், நானும் பதில் சொல்லியிருப்பேன். தெருவே வாளியோடு வந்து தண்ணீரை இறைத்தது. ஓபா சக்கரத்தை அடைத்தார். என்னைப் பார்த்து ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால்தானே விளக்க முடியும்?

மாலையில் திலகவதி வந்தாள். இனிப்புப் பெட்டிகள் வாங்கி வந்திருந்தாள், பதின்மூன்று. அது அங்குள்ள வழக்கம். ஒவ்வொரு வாசலிலும் இடுப்பை வளைத்து வணங்கி, மன்னிக்கும்படி சொல்லி, கொடுக்க வேண்டும்.

"நீங்களும் வாங்கம்மா. ஒண்ணும் பேச வேணாம். என்கூட சும்மா நின்னாப் போதும்."

"அச்சிட்ட விதியை அச்சிட்டபடி நிறைவேற்றியதற்காக நான் யார் வாசலிலும் நிற்க மாட்டேன்."

"அவங்க கையக் காட்டினாங்களாமே."

"கை காட்டினால் வணக்கம் என்று பொருள்."

"பனி வார்ற தட்டோடயா?"

போனாள். சன்னலிலிருந்து பார்த்தேன். பதின்மூன்று முறை குனிந்தாள். ஒன்பதாவது வீட்டுக்குப் பிறகு நிமிரும்போது கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்த பிறகுதான் சொன்னாள். மடையை அடைக்கும் முன் பொறுப்பாளர் கீழே பார்த்து ஆயிற்றா என்று குரல் கொடுக்க வேண்டுமாம். கடைசி வீடு ஆயிற்று என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வரும்வரை அடைக்கக் கூடாது. ஏழு பத்தானாலும் சரி, ஏழு இருபதானாலும் சரி. அடுத்த தெருவும் காத்திருக்கும். நானூறு ஆண்டுகளாக அப்படித்தானாம். அதனால் யாரும் அதை எழுதவில்லையாம். தினமும் காலையில் அந்தக் குரல்கள் எனக்குக் கேட்டிருக்கின்றன. உள்ளே தேவாரம் சொல்லிக்கொண்டிருப்பேன். தெருவில் உடற்பயிற்சி செய்கிறார்கள் என்று நினைத்தேன்.

எழுதாத விதி விதியாகாது என்றேன். அச்சிடும்படி நகராட்சிக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், மொழிபெயர்த்துக் கொடு என்றேன். அவள் குளிர் மேலங்கியைக் கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"கதவச் சாத்துறதுக்கு முன்னாடி வெளிய யாரு நிக்கிறான்னு நீங்க எப்பவாவது பாத்திருக்கீங்களாம்மா?"

அதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். என் பள்ளியில் ஒன்பது பத்துக்கு மணி. ஒன்பது பதினைந்துக்கு வெளிக்கதவு. பிறகு வந்தவர்கள் இடைவேளை வரை வெளியேதான். அவள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, கார்த்திகை மழையில், ஒன்பது பதினேழுக்கு வந்தாள். தலைமையாசிரியையின் மகளுக்கு ஒரு சட்டம், மற்றவர்களுக்கு ஒரு சட்டமா? நான் திறக்கவில்லை. ஊரே அதைப் பேசிற்று. பாராட்டித்தான் பேசிற்று.

"அன்னிக்கு ஏன் லேட்டாச்சுன்னு தெரியுமா? உங்க மூக்குக்கண்ணாடிய வீட்டுல விட்டுட்டுப் போயிட்டீங்க. பாதி வழியில ஞாபகம் வந்து, திரும்பிப் போய் எடுத்துட்டு வந்தேன். கேட்டுக்கு வெளிய அதத்தான் கையில வச்சுக்கிட்டு நின்னேன்."

அன்றைக்கு நான் கண்ணாடி இல்லாமல்தான் வகுப்பு எடுத்தேன். மதியம் அது என் மேசைமேல் இருந்தது. காவலாளி வீட்டுக்குப் போய் எடுத்துவந்தார் என்றே இருபத்தேழு ஆண்டுகளாக நினைத்திருந்தேன்.

"சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்க கேக்கலையே" என்றாள்.

பிறகு நான் என் பயணச்சீட்டை முன்னதாக மாற்றச் சொன்னேன். நானாகத்தான் சொன்னேன். அவள் மறுத்துப் பேச இரண்டு நாளாவது ஆகும் என்று எதிர்பார்த்தேன். பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டாள். தாமதம் அவளுக்குப் பிடிக்காது. நான் வளர்த்த பெண்.

சிதம்பரம் போய்விட்டது. இனிக் கொள்ளிடம் வரும்.

இடையில் இருந்த ஐந்து நாட்களில் ஒரு பிற்பகல் நான் தனியாகக் குமகாய் அம்மையார் வீட்டுக்குப் போனேன். இனிப்புப் பெட்டி கொண்டுபோகவில்லை. அவர் செய்தித்தாள்களுக்கு நடுவில் வரைபடத்தை வைத்து, இளஞ்சூட்டு இஸ்திரிப் பெட்டியால் ஒற்றிக்கொண்டிருந்தார். பெரிய தாள், ஓரங்கள் சுருண்டன. நான் உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அது மன்னிப்பு அல்ல. ஈர வரைபடத்தை ஒருவரால் உலர்த்த முடியாது, இரண்டு பேர் வேண்டும். புவியியல் கற்பித்த எவருக்கும் தெரிந்த விஷயம். நான்கு மணி நேரம் பிடித்தேன். எங்களுக்குள் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. கோட்டைக்கு வடக்கே கால்வாய் திரும்பும் இடம் தண்ணீரில் கரையாமல் தப்பியிருந்தது. போகும் வழியில் அந்த இடத்தை நடந்து பார்த்திருந்தேன். மேடு என்று நான் நினைத்தது மேடு அல்ல; நிலம் அங்கே வடக்கே சரிகிறது. பனி மூடியதால் தூரத்திலிருந்து தெரியவில்லை. அவர் சரியாகத்தான் வரைந்திருந்தார். மை கரைந்துபோனது கீழ் மூலை. எங்கள் தெரு, துறைமுகம், அவருடைய வீடு.

அவர் ஒரு மைக்கோலை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். நான் வாங்கவில்லை. அந்த இடத்தை வரைய வேண்டியவர் அவர்தான்.

கிளம்பிய நாள் காலையில் பலகை ஓபாவின் வாசலில் இருந்தது. பெட்டியோடு வாசலில் நின்றேன். ஏழு பத்து ஆயிற்று. ஏழு பன்னிரண்டு ஆயிற்று. ஓபா சக்கரத்தில் கை வைத்துக் கீழே பார்த்துக் குரல் கொடுத்தார். பதில் வரவில்லை. மறுபடி கொடுத்தார். அடுத்த தெருவில் ஆட்கள் தட்டை ஊன்றிக்கொண்டு சும்மா நின்றார்கள். ஏழு பதினாறுக்கு, பள்ளத்திலிருந்து மெலிந்த குரல் ஒன்று வந்தது. பிறகுதான் சக்கரம் திரும்பிற்று. ஆறு நிமிடம் வீண் என்று திலகவதியிடம் சொன்னேன். அவள் என் பெட்டியை எடுத்துக்கொண்டாள். இடுப்பு வலியோடு.

விமான நிலையம் வரை வந்தாள். சோதனைக்குள் போன பிறகு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்புறம் நின்றாள். நான் பெல்ட்டில் வைத்த பையைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தபோது, அத்தனை கூட்டத்திலும் தமிழில் கேட்டது.

"ஆச்சாம்மா?"

சோதனை முடிந்ததா என்றுதான் கேட்டிருப்பாள். அவளுக்கு நான்கு மணி இரயில்; நான் தலையசைத்தால் போய்விடலாம். நான் திரும்பிப் பார்த்தேன், பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டாள். நான் பையின் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பின்னால் வந்தவர்கள் என்னை நகர்த்திவிட்டார்கள். நான்கு மணி இரயிலை அவள் பிடித்தாளா இல்லையா என்று தெரியவில்லை.

சென்னையில் இறங்கியதிலிருந்து இந்தத் தொலைபேசி உறுமிக்கொண்டே இருக்கிறது. பாருங்கள். இறங்கியாச்சா. ரயில் ஏறியாச்சா. இதோ, இப்போது வந்தது, வெறும் ஆச்சா மட்டும். ஒரு வயதுவந்த பெண் வேலை நேரத்தில் இத்தனை முறை எழுதலாமா?

இல்லை, நீங்கள் தட்டித் தர வேண்டாம். எனக்குத் தட்டத் தெரியும். நன்றாகவே தெரியும்.

பதில் அனுப்பவில்லை. அனுப்பினால் அவள் கேட்பதை நிறுத்திவிடுவாள். கடைசி வீடு பதில் சொல்லாத வரை மடையை அடைக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. அந்த ஊர் முறை அது. நானூறு ஆண்டுகளாக இருக்கிறது. எழுதியிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

சீர்காழி வருகிறது. உங்கள் பையை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே இரண்டு நிமிடம்தான் நிற்கும்.